வாடி என்று ஒரு சொல்

நான் வலைப்பதிவு எழுதுகிறேன் என்று ஊரில் முதன்முதலாகச் சொன்னது, எங்கள் தெருக்கோடியில் உட்கார்ந்து நண்டு வலைக்குக் கிழிசல் பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம். 2005 ஆக இருக்க வேண்டும். "என்ன வலை தம்பி, கண்ணி எத்தனை?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. கீழக்கரையில் வலை என்று ஒருவன் சொன்னால் அடுத்த கேள்வி கண்ணி அளவுதான். கம்ப்யூட்டரில் எழுதுவது, அதை எங்கெங்கோ இருக்கிறவர்கள் படிப்பது, ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் எழுதியதோடு இணைத்துவிடுவது என்று எனக்குத் தெரிந்தமட்டில் விளக்கினேன். ஊசியை நிறுத்தாமலே கேட்டுவிட்டு, "அப்ப முடிச்சுதான் முக்கியம்னு சொல்லு" என்றார்.

அதுவரைக்கும் வலை என்பது எனக்கு ஒரு மொழிபெயர்ப்பு. யாரோ படித்தவர்கள் செய்து வைத்திருக்கிறார்கள், நாமும் பயன்படுத்துகிறோம், அவ்வளவுதான். அவர் முடிச்சு என்று சொன்ன பிறகு அந்தச் சொல்லுக்கு நூலும் கண்ணியும் மீன்வாடையும் வந்துவிட்டன. இருபது வருடம் ஆகியும் வலைத்தளம் என்று எழுதும்போதெல்லாம் அந்த நண்டு வலையும் சேர்ந்துதான் வருகிறது.

அப்போது எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ராமநாதபுரத்தில் கேணிக்கரைப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கு 20 ரூபாய். பெரும்பாலும் பழைய விண்டோஸ் 98 மெஷின்கள். எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிக்கோடில் எழுதிய தமிழ் அதில் பெட்டி பெட்டியாகத் தெரியும், இல்லையென்றால் கேள்விக்குறியாகத் தெரியும். மூலையில் ஒரேயொரு மெஷினில் மட்டும் எக்ஸ்பி இருந்தது. அதில் யாராவது சாட் செய்துகொண்டிருந்தால் எழுந்திருக்கும்வரை வாசலில் நிற்பேன். சென்டர் நடத்திய அண்ணனிடம் கெஞ்சி எ-கலப்பையை அதில் நிறுவிக்கொண்டேன். முகுந்தும் அவருடைய நண்பர்களும் இலவசமாகக் கொடுத்த தமிழ்த் தட்டச்சு மென்பொருள் அது. அந்தப் பெயரை முதல் தடவை பார்த்தபோது ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. விசைப்பலகையில் தமிழ் அடிக்க ஒரு கருவி, அதற்குக் கலப்பை என்று பேர் வைக்க ஒருத்தருக்குத் தோன்றியிருக்கிறதே! உழுது விதைக்கிற வேலைதான் இது என்று அந்தப் பெயரே சொல்லிவிட்டது. ஆல்ட்டையும் 2-ஐயும் சேர்த்து அழுத்திவிட்டு யு, எம், எம், ஏ, ஏ என்று தட்டினேன். திரையில் 'உம்மா' என்று விழுந்தது. எங்கள் வீட்டில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம். பக்கத்து மெஷினில் இருந்த பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இதைப் படிக்கிற இளம் பிள்ளைகளுக்கு அதற்கு முந்தைய நிலைமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தமிழ்ப் பத்திரிகையின் தளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துரு. அதை இறக்கி மெஷினில் போட்டால்தான் படிக்க முடியும். பிறகு 'திஸ்கி' என்று ஒரு பொதுக் குறியாக்கத்தை, அதாவது கம்ப்யூட்டரில் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்கிற ஏற்பாட்டை, பல நாட்டுத் தமிழர்கள் இணையத்திலேயே கூடிப் பேசி உருவாக்கினார்கள். ஓர் எழுத்துருவுக்குள் அப்போது இருந்த 256 இடங்களில் முதல் பாதியை ஆங்கிலத்துக்கு விட்டுவிட்டு, மிச்சமிருந்த 128 இடங்களுக்குள் தமிழை அடக்க வேண்டும். 247 எழுத்துகளையும் அப்படியே வைக்க இடமில்லை, அதனால் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்று பிரித்து வைத்துச் சேர்த்தார்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாம், டாப் என்று வேறு இரண்டைத் தரமாக அறிவித்தது. யூனிக்கோடை அரசு முறைப்படி ஏற்றது 2010-இல்தான். நடுவில் இருந்த பத்துப் பன்னிரண்டு வருடமும் ஒருத்தர் எழுதியது இன்னொருத்தருக்குக் குப்பையாகத் தெரிகிற காலம். ஒரு குறியாக்கத்தில் இருப்பதை யூனிக்கோடுக்கு மாற்ற சுரதா என்பவர் இணையத்தில் வைத்திருந்த பொங்குதமிழ்ப் பக்கம் மட்டும் இருந்திருக்காவிட்டால் நான் பாதியிலேயே விட்டிருப்பேன்.

எனக்கு இது அந்நியமாகத் தெரியவில்லை. காரணம் என் உம்மம்மா. அவருக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனால் தமிழ் எழுதுவார். அறபுத் தமிழ். அரபி எழுத்திலேயே தமிழை எழுதுவது. அரபியில் ட, ண, ள, ழ, ங, ஞ, ப, ச இந்த ஒலிகளுக்கெல்லாம் எழுத்து கிடையாது. அதனால் இருக்கிற எழுத்துகளிலேயே புள்ளியைக் கூட்டிப் புதிய எழுத்துகளைச் செய்துகொண்டார்கள் எங்கள் ஆட்கள். எங்கள் ஊரில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இந்த எழுத்தில் ஏராளமாக எழுதியவர். கொழும்பில் கடை வைத்திருந்த தாத்தாவுக்கு உம்மம்மா எழுதிய கடிதங்கள் எல்லாம் இந்த எழுத்தில்தான். கிடைத்த இடத்துக்குள் ஒரு புள்ளி கூட்டி 'ழ'வை உட்கார வைத்த அந்த வேலைக்கும், 128 இடத்துக்குள் கொம்பையும் காலையும் பிரித்துப் போட்டு அடக்கிய வேலைக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டிலும் தூரத்தில் இருக்கிற ஒருத்தருக்குத் தமிழில் எழுதியே ஆக வேண்டும் என்கிற தவிப்பு இருக்கிறது.

சரி, சொற்களுக்கு வருகிறேன்.

2003 கடைசியில் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது, 2004-இல் காசி ஆறுமுகம், பல வலைப்பதிவுகளையும் ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டுகிற தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கினார். அந்த இரண்டு மூன்று வருடத்தில் தமிழில் கம்ப்யூட்டர் பற்றி எழுத உட்கார்ந்த ஒவ்வொருவரும் ஒரு வாக்கியத்துக்கு ஒரு தடவை முட்டிக்கொண்டு நின்றோம். இதற்குத் தமிழில் என்ன? கல்லூரிகளிலும் அரசுக் குழுக்களிலும் கலைச்சொல் பட்டியல்கள் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவை புத்தகத்தில் இருந்தன. எங்களுக்கோ இன்றைக்கு ராத்திரி எழுதி முடிக்கிற வாக்கியத்துக்குள் சொல் வேண்டும். அதனால் நாங்களே செய்தோம். செய்து, எழுதி, படிக்கிறவர்களுக்குப் புரிகிறதா என்று மறுநாளே பார்த்தோம். புரியாவிட்டால் வேறு. சொல்லைச் செய்கிறவரும் அதைப் பயன்படுத்துகிறவரும் ஒரே ஆளாக இருந்த காலம் அது. அந்த நெருக்கத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

எப்படிச் செய்வது என்று எங்களில் பலருக்கும் இலக்கணப் பயிற்சி கிடையாது. நான் பி.காம். படித்தவன். ஆனால் உலாவி, சுட்டி, திரட்டி, வருடி என்று வரிசையாகப் பார்த்தபோது ஒரு நாள் பிடிபட்டது: வினைக்குப் பின்னால் ஒரு இகரம், அவ்வளவுதான். உம்மாவின் அடுப்படியில் துருவியும் வடிகட்டியும் பாக்குவெட்டியும் இருந்தன. மரத்தில் மரங்கொத்தி, குளத்தில் மீன்கொத்தி, வழியில் சுமைதாங்கி. மின்னலுக்குக் கம்பி வைக்க ஆரம்பித்த காலத்தில் யாரோ இடிதாங்கி என்று பேர் வைத்தார்களே, அந்த ஆள் நம்மைவிட எவ்வளவு கெட்டிக்காரர்! பேச்சுத் தமிழ் எப்போதும் வைத்திருந்த ஒரு அச்சு இது. புதிய உலோகத்தை அதில் ஊற்றினோம். இப்படிப் பிறந்த சொற்கள்தான் இன்றுவரைக்கும் அதிகமாக நிற்கின்றன என்பது என் எண்ணம். அடுப்படி அச்சில் வராமல் அகராதி அச்சில் வந்தவை பலவும் அகராதியிலேயே தங்கிவிட்டன. ஒருங்குறி அழகான சொல்தான், ஆனால் வாய் யூனிக்கோடு என்றுதான் போகிறது.

டவுன்லோடுக்கு இங்கே பதிவிறக்கம் என்றோம், ஈழத்துக்காரர்கள் தரவிறக்கம் என்றார்கள். எது சரி என்று எவ்வளவு சண்டை! எனக்கு இரண்டிலும் இருந்த 'இறக்கம்' பிடித்திருந்தது. கரையில் வளர்ந்தவனுக்கு அது தெரிந்த வேலை. படகிலிருந்து பெட்டி பெட்டியாகக் கரைக்கு இறக்குவது, அந்த இடத்துக்குப் பேரே இறங்குதளம். அந்தச் சண்டைகளைப் பற்றி இப்போது நினைக்கும்போது ஒன்று தோன்றுகிறது: யாரும் யாரையும் அடக்கப் பேசவில்லை. சிங்கப்பூரில் இருந்த ஒருவர், ஜெர்மனிக்குப் பெயர்ந்துபோன யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், கோயம்புத்தூரில் ஒரு எஞ்சினியர், துபாயில் கட்டட வேலைத் தளத்திலிருந்து எழுதிய ஒரு முதுகுளத்தூர் அண்ணன், இப்படி ஏழெட்டுப் பேர் ஒரே ஒரு சொல்லுக்காக ராத்திரி தூங்காமல் இருந்தோம். பாரதியே 'மெம்பர்' என்பதற்குத் தமிழ் தேடி, அவயவி, அங்கத்தான், சபிகன் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, எதுவும் ஒத்துவராமல் மெம்பர் என்றே எழுதிவிட்டுப் போனவர். இன்றைக்கு உறுப்பினர் என்பதைச் சொசைட்டி கடன் அட்டையில் எல்லாரும் சாதாரணமாகப் படிக்கிறோம். இதை யாராவது ஒருத்தர் எடுத்துச் சொன்னால் அன்றைய சண்டை அடங்கிவிடும்.

என் சொல் ஒன்றும் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் போனது.

கம்ப்யூட்டரில் தற்காலிகமாகக் கோப்புகள் வந்து தங்குகிற இடம் ஒன்று உண்டு இல்லையா, வேலை முடிந்தால் அழித்துவிடலாம் என்று ஒதுக்கி வைத்திருப்பது. அதற்கு நான் 'வாடி' என்று வைத்தேன். எங்கள் கரையில் வாடி என்றால் கடற்கரையில் ஓலையால் போடுகிற கொட்டகை. வலையை, எஞ்சினை, ஐஸ் பெட்டியைப் போட்டு வைப்பார்கள், ராத்திரி தங்குவார்கள், மீன்பாடு குறைந்து வேறு கரைக்குப் போனால் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். கருவாட்டு வாடி, பாசி வாடி என்றும் உண்டு. தற்காலிகம், சேமிப்பு, ஒதுங்கும் இடம், மூன்றும் ஒரே சொல்லில், அதுவும் இரண்டே எழுத்தில். நான் சந்தோஷமாக எழுதிப் போட்டேன்.

கோயம்புத்தூர்க்காரர்தான் முதலில் வந்தார். "எங்க ஊர்ல யாரையாச்சும் பாத்து வாடின்னா அடி விழுமுங்க" என்றார். இன்னொருத்தர், வாடிப்போன பூ நினைவுக்கு வருகிறது, கோப்பு வைக்கிற இடத்துக்கு அந்த நினைப்பு வேண்டாம் என்றார். நான் தனியாக நின்றேன். இரண்டாம் நாள் ராத்திரி மன்னார்ப் பக்கத்துக்காரர் ஒருவர், அப்போது லண்டனில் இருந்தவர், வந்து இப்படி எழுதினார்: "எங்கட கரையிலயும் வாடிதான். என்ர அப்பா வாடியிலதான் படுக்கிறவர்." அவ்வளவுதான் எழுதினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல். ஒரு காலத்தில் சென்னையில் போட் மெயில் ரயில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறி அந்தப் பக்கம் போய்விடலாம், 1964 டிசம்பர்ப் புயலோடு அந்தத் தண்டவாளமும் போனது, பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்த கப்பலும் எண்பதுகளில் நின்றது. நான் பிறந்த பிறகு அந்தக் கரைக்காரர் ஒருவரிடம் நான் பேசியதே இல்லை. முதல் பேச்சு ஒரு சொல்லால் நடந்தது.

வாடி தோற்றுவிட்டது. தற்காலிகக் கோப்புறை என்று முடிவானது, அது நியாயமான முடிவும்கூட, ஏனென்றால் கரையைப் பார்க்காத கோடிப் பேருக்கு என் சொல் ஒன்றும் சொல்லாது. ஆனால் மன்னார்க்காரரும் நானும் எங்களுக்குள் வாடி என்றே எழுதிக்கொண்டோம்.

அதற்கப்புறம்தான் நான் ஊரிலேயே காதைத் திறந்து வைத்துக் கேட்க ஆரம்பித்தேன். பிழைப்புக்கு வெளிநாடு போகிறவரை எங்கள் ஊரில் சபுராளி என்போம். சபர் என்றால் அரபியில் பயணம், அதோடு உழைப்பாளி, பங்காளி என்பதில் வருகிற 'ஆளி'. எந்தக் குழு உட்கார்ந்து இதைச் செய்தது? கடல்வழியாக வந்த தொதல் இனிப்பு (சிலர் துதல் என்பார்கள்) மலாய்க்காரர்களின் தொடோல் என்ற பெயரோடேயே வந்து எங்கள் வாயில் கொஞ்சம் தேய்ந்து நின்றுவிட்டது, அதற்கு யாரும் தமிழ் தேடவில்லை. ஆனால் அதே ஆட்கள் மார்க்கத்துக்கு மட்டும் தமிழையே எடுத்துக்கொண்டார்கள். தொழுகை, நோன்பு, பள்ளிவாசல், எல்லாம் ஏற்கெனவே இருந்த சொற்கள், புதிய பொருளைச் சுமக்கப் பழகிக்கொண்டவை. நோன்புக்கஞ்சி என்று சொல்லும்போது அதில் ஒட்டு எங்கே இருக்கிறது என்று யாருக்காவது தெரிகிறதா? எதை அப்படியே வாங்கிக்கொள்வது, எதற்கு நம் சொல்லைக் கொடுப்பது என்கிற தீர்மானத்தை எங்கள் மூதாதைகள் எங்களைவிட நிதானமாகச் செய்திருக்கிறார்கள். முகநூல் என்று நாங்கள் அவசரப்பட்டுச் செய்தது எனக்கு இன்றும் உறுத்தல்தான். அது ஒரு கம்பெனியின் பெயர். சுப்பிரமணியனை ஊர் மாறியதும் வேறு பேர் சொல்லிக் கூப்பிடுவோமா?

மண்டபம் ஊர்ப் பக்கம் கடலில் பாசி எடுக்கிற பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்று வரிசையாகச் சொல்வார்கள். பக்கோடாப் பாசியைக் கையில் வாங்கிப் பார்த்தால் அந்தப் பெயரைத் தவிர வேறு பெயர் வைக்க மனசு வராது. 2000-ஐ ஒட்டிய வருடங்களில் பெப்சி நிறுவனம் இந்தக் கரையில் கப்பாபைக்கஸ் என்கிற வெளிநாட்டுப் பாசியை வளர்க்கிற தொழிலைக் கொண்டுவந்தது. மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, கயிற்றில் பாசித் துண்டுகளைக் கட்டிக் கடலில் விட்டால் 45 நாளில் எடுக்கலாம். அந்தப் பெண்கள் அதற்கு 'பெப்சிப் பாசி' என்று பேர் வைத்துவிட்டார்கள். பிறகு அந்த நிறுவனம் தொழிலைக் கைமாற்றிவிட்டுப் போய்விட்டது, பேர் போகவில்லை. விஞ்ஞானிகளே கூட்டத்தில் அவர்களுக்குப் புரிய வேண்டும் என்று பெப்சிப் பாசி என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

ஒரு ஆதங்கமும் எனக்கு உண்டு. சொல் செய்கிற உற்சாகத்தில், சொல் ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்க மறந்தோம். கடல்பசு என்று பாடப்புத்தகத்தில் இருக்கிற விலங்குக்கு எங்கள் கரையில் ஆவுளியா என்று பேர். எத்தனை தலைமுறையாகவோ அப்படித்தான். நான் இதை எழுதியபோது ஒருவர், அது வட்டார வழக்கு, எல்லாருக்கும் பொதுவான சொல்லாகாது என்றார். அந்த விலங்கைக் கண்ணால் பார்த்தவர்கள் இருப்பதே அந்த வட்டாரத்தில்தானே என்று எனக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. 2022-இல் தஞ்சை, புதுக்கோட்டைக் கரையை ஒட்டிப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டருக்கு ஒரு பாதுகாப்பகம் அறிவித்தார்கள், பலகையில் கடற்பசு என்றுதான் இருக்கிறது. டால்ஃபினுக்கு மட்டும் கரையோரச் சொல்லான ஓங்கில் கொஞ்சம் தப்பித்தது. இணையத்தில் எழுதியவர்கள் விடாமல் எழுதினார்கள், இப்போது செய்திகளில்கூட எப்போதாவது கண்ணில் படுகிறது. அப்படிப் படும்போதெல்லாம் அந்தப் பழைய ஏழெட்டுப் பேரையும் நினைத்துக்கொள்கிறேன்.

அவர்களில் பாதிப் பேர் இப்போது எழுதுவதில்லை. சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் என்று யாரும் இல்லை, வேலை, பிள்ளைகள், வயது. எழுதுகிற இடமும் மாறிவிட்டது. இன்றைக்கு ஒரு புதிய செயலியைத் திறந்தால் பொத்தான்களில் தமிழ் ஏற்கெனவே அச்சாகி வருகிறது. வசதிதான், எங்களுக்கு அன்றைக்கு அது கனவு. ஆனால் அந்தச் சொல்லை யார் செய்தார், பொருந்தவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை. நான் ஏங்குவது பழைய மெஷினுக்கோ பெட்டி பெட்டியாகத் தெரிந்த எழுத்துக்கோ இல்லை. ஒரு சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டு, இது சரியா வருமா பாருங்கள் என்று ராத்திரி பதினொரு மணிக்குத் தட்டக்கூடிய ஒரு கதவு இருந்தது, அதற்குத்தான்.

போன மழைக்காலத்தில் மன்னார்க்காரர் போனில் செய்தி அனுப்பினார். ஆறேழு வருடத்துக்குப் பிறகு. நலமா என்றுகூடக் கேட்கவில்லை. "போன் வாடி நிரம்பிப் போச்சு, எப்பிடித் துப்புரவாக்கிறது?" என்று மட்டும் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தங்கச்சி மகன் எட்டிப் பார்த்துவிட்டு, வாடின்னா என்ன மாமா என்றான். பத்தாவது படிக்கிறான், கடல் பக்கம் அதிகம் போகாதவன். மறுநாள் சாயந்திரம் பெரியபட்டினம் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ஓலைக் கொட்டகை, உள்ளே வலைக் குவியல், ஒரு பழைய எஞ்சின், கயிற்றுக் கட்டிலில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். இவன் உள்ளே போகாமல் வாசலில் நின்றே பார்த்துவிட்டு வந்தான், ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து என் போனை வாங்கி ஏதோ பார்த்துக்கொண்டிருந்தவன், "மாமா, ரொம்ப ஸ்லோவா இருக்கு, வாடியக் காலி பண்ணவா?" என்று கேட்டான்.

பண்ணு வாப்பா என்றேன்.